‘டீக் ஹை சாப்’ என்பதற்குப் பிறகு

பட்டாளத்திலிருந்து வந்தவரிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ‘டீக் ஹை சாப்’, நன்றாக இருக்கிறேன் ஐயா, என்பார். ஒரு கையை மேஜையில் ஊன்றி, இன்னொரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போதும் அதையேதான் சொல்வார். டிசெபிலிட்டி பென்ஷனுக்கு மனு எழுத வந்தவரும் அப்படித்தான். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் நல அமைப்பாளராக இருக்கும் எனக்கு, வேலை அந்தப் பதிலுக்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது.

அவர்கள் பொய் சொல்வதில்லை. பட்டாளம் அப்படிப் பழக்கியிருக்கிறது. தரைப்படையில் ஒவ்வொருவர் உடல்நிலையையும் ‘ஷேப்’ என்ற கணக்கில் வைப்பார்கள். மனநிலை, செவி, கை கால், உடலின் பொதுத் திறன், கண் ஆகிய ஐந்திலும் குறையில்லை என்றால் ‘ஷேப் ஒன்’. ஒன்றில் இறங்கினாலும் லோ மெடிக்கல் கேட்டகரி. அந்த முத்திரை விழுந்தால் பிரமோஷன் தட்டிப்போகலாம், கோர்ஸுக்குப் பெயர் போகாது, கூட இருப்பவர்கள் முன்னால் ஒரு கூச்சமும் வந்துவிடும். நானும் சீருடை போட்டவன்தான். கிளார்க்காகச் சேர்ந்து ஹவில்தாராக வெளியே வந்தேன். வலியோடு ஓடி, பி.பி.டி. என்ற உடல்தகுதி டெஸ்ட் முடித்து, பேரக்கில் வந்து தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தவர்களை அருகிலிருந்து பார்த்தவன். யூனிட்டின் மருத்துவ அறையான எம்.ஐ. ரூமுக்குப் போயிருந்தால் ரிஜிஸ்டரில் ஒரு வரி விழுந்திருக்கும். அந்த ஒரு வரியைத்தான் இருபது வருஷம் கழித்து அவரும் நானும் தேடுகிறோம்.

சட்டம் கேட்பது இரண்டே கேள்வி. இந்தக் குறைபாடு படைப்பணியால் வந்ததா, அல்லது பணியால் முற்றியதா? அது எத்தனை சதவீதம்? முதல் கேள்விக்கு ‘இரண்டும் இல்லை’ என்று மெடிக்கல் போர்டு எழுதிவிட்டால் கதவு மூடியது. ‘என்.ஏ.என்.ஏ.’ என்று நாங்கள் சொல்வது இதைத்தான். இரண்டாவது கேள்விக்குப் பொதுவாக 20 சதவீதமாவது வேண்டும். டிசெபிலிட்டி பென்ஷனில் சர்வீஸ் எலிமென்ட், டிசெபிலிட்டி எலிமென்ட் என்று இரண்டு பகுதி உண்டு. முழு சர்வீஸ் முடித்தவருக்குச் சாதாரண பென்ஷன் எப்படியும் வந்துவிடும். அவருக்கு வழக்கெல்லாம் இரண்டாவது பகுதிக்காகத்தான். பாதியில் ‘போர்டு அவுட்’ ஆகி, பென்ஷனுக்கான சர்வீஸ் முடியாமல் வீடு வந்தவருக்கோ வாழ்வே இந்தத் தீர்மானத்தில்தான் இருக்கிறது.

விதிகள் படைவீரர் பக்கம் சாய்ந்தே எழுதப்பட்டிருக்கின்றன என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. 1982-ஆம் ஆண்டு எழுதிய கேஷுவாலிட்டி பென்ஷன் விதிகளின்படி, ஒருவரைச் சேர்க்கும்போது அவர் உடலில் இன்ன குறை இருந்தது என்று குறித்து வைக்கவில்லை என்றால், அவர் நல்ல உடம்போடுதான் சேர்ந்தார் என்று வைத்துக்கொள்ள வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது அல்ல. சந்தேகம் வந்தால் அதன் பலன் அவருக்கு. 2013 ஜூலை 2 அன்று தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அவர் 1985-இல் சிக்னல்ஸ் கோரில் சிப்பாயாகச் சேர்ந்தவர். ஏறக்குறைய ஒன்பது வருஷம் கழித்து, வலிப்பு நோய் என்று 20 சதவீதம் போட்டு 1994-இல் அனுப்பிவிட்டார்கள். நோய் அவர் உடல்வாகைச் சேர்ந்தது, பணிக்குச் சம்பந்தமில்லை என்றது போர்டு. சேரும்போது அப்படி எந்தக் குறிப்பும் இல்லை. அன்றைக்கே ஏன் கண்டுபிடிக்க முடியாமல் போனது என்பதற்கு போர்டு காரணமும் எழுதவில்லை. அதனால் பென்ஷன் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பின் நகல் ஒன்று எப்போதும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. ‘உடல்வாகு நோய்’ என்ற வரியோடு ஒரு மனு வந்தால் நான் முதலில் பார்ப்பது, அதற்குக் கீழே காரணம் எழுதியிருக்கிறார்களா என்பதைத்தான்.

விதி இவ்வளவு இரக்கமாக இருந்தும் மனுக்கள் தள்ளுபடியாகக் காரணம், அவருக்கு நடந்தது காகிதத்தில் இல்லாததுதான். அதைக் காகிதத்துக்குக் கொண்டுவருவதே இந்தத் தொழிலின் சாரம் என்று நான் நினைக்கிறேன்.

முதல் நாள் நான் ஃபாரத்தை எடுப்பதே இல்லை. டிஸ்சார்ஜ் புக்கை வாங்கி வைத்துக்கொண்டு, “ஐயா, ரெக்ரூட் டிரெயினிங் முடிஞ்சு முதல் யூனிட் எங்கே?” என்று ஆரம்பிப்பேன். அங்கிருந்து வருஷ வாரியாக, ஊர் ஊராகப் போக வேண்டும். நோயைப் பற்றிக் கேட்டால் ஒரு வார்த்தையில் முடிக்கிற மனிதர், யூனிட்டைப் பற்றிக் கேட்டால் பேச ஆரம்பித்துவிடுவார். லே, பூஞ்ச், தேஸ்பூர், ராஜஸ்தான் மணல். யார் சுபேதார், என்ன வண்டி, எத்தனை மாதம் பனியில். பேச்சு ஓடும்போது நடுவில் தானாகவே வந்து விழும்: “அந்த டைம்லதான் சாப், ஒரு தடவை...” என்று. அந்த இடத்தில் பேனாவை எடுப்பேன்.

பீரங்கிப் படையில் இருந்த ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். ரிலீஸ் மெடிக்கல் போர்டில் இரண்டு காதுக்கும் சேர்த்து 20 சதவீதம் போட்டு, பணிக்குத் தொடர்பில்லை என்று எழுதியிருந்தார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் அந்த அம்மாதான் பதில் சொன்னார். முதலில் அது எனக்குச் சங்கடமாக இருந்தது; பிறகு புரிந்தது, நான் பேசுவது கணவருக்கு எட்டவில்லை. நாற்காலியை அவருடைய வலது பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். “அண்ணே, லீவுல வரும்போதே இவரு அப்படித்தான். குழந்தை தொட்டில்ல அழுதாலும் திரும்ப மாட்டாரு. கோவமா இருக்காருன்னு நெனச்சுக்குவேன்” என்றார் அந்த அம்மா. எந்த வருஷ லீவு என்று கேட்டேன். மூத்த பெண் பிறந்த வருஷம். அதற்கு முந்தைய வருஷம் யூனிட் எங்கே? மகாஜன் ரேஞ்சில் ஃபயரிங். பீரங்கிக்கு எந்தப் பக்கம் நிற்பார்? எழுந்து நின்றே காட்டினார். குண்டு ஏற்றும்போது இடது காது பீரங்கிப் பக்கம். “காலையில பார்த்தா காதுல தண்ணி மாதிரி வந்துச்சு. பஞ்சு வெச்சுக்கிட்டேன். அதைப் போய் யாரு சொல்லுவாங்க?” என்றார். மெடிக்கல் ரிப்போர்ட்டிலும் இடது காதுதான் கூடுதலாகப் பழுது.

‘சுட்டதால் காது போனது’ என்று ஒரு வரியில் நான் மனு எழுதவில்லை. அப்படி எழுதினால் எந்த போர்டும் ஒரே வரியில் மறுத்துவிடும். எந்த வருஷம், எந்த ரேஞ்ச், எந்தப் பீரங்கி, அவர் நின்ற இடம், எத்தனை ஃபயரிங் சீசன், காதில் நீர் வந்த காலை, பஞ்சு என்று அவர் சொன்ன வரிசையிலேயே போனது. கூட நின்ற டிடாச்மென்ட் ஆள் ஒருவர் ஆம்பூர்ப் பக்கம் இருந்தார். அவருடைய கையெழுத்துச் சாட்சியும் சேர்ந்தது. சேர்க்கும்போது எடுத்த மெடிக்கல் ஃபாரத்தில் இரண்டு காதும் நன்றாக இருந்ததாகப் பதிவாகியிருந்தது. முதல் அப்பீலிலேயே பணியால் வந்தது என்று ஏற்றுக்கொண்டார்கள்.

சாட்சி என்றதும் சொல்லத் தோன்றுகிறது. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி பட்டாள ஊர் என்றே பெயர் வாங்கிய கிராமங்கள் உண்டு. டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்தால் ஒருவராவது பழைய யூனிட்காரர். காகிதம் தொலைந்துபோன விவரம் அவர்கள் நினைவில் தேதியோடு இருக்கும். சாட்சி தேடி அப்படிப்பட்ட ஊருக்குப் போகும்போது எனக்கு அரசு வேலை செய்கிற உணர்வு வருவதில்லை, சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற உணர்வுதான்.

காகிதம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பது பாதி வேலை. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், பீரங்கிப் படை என்றால் நாசிக், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், இ.எம்.இ. என்றால் செகந்திராபாத், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. பென்ஷன் அனுமதி பிரயாக்ராஜில். ரெக்கார்ட் ஆபீஸுக்குச் சாதாரணக் கடிதம் போட்டால் சில சமயம் பதில் வரும். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால், 30 நாளில் ஏதாவது ஒரு பதில் வந்தாக வேண்டும். போர்டு நடவடிக்கையின் முழு நகல், சேரும்போது எடுத்த மெடிக்கல், காயம் என்றால் ஐ.ஏ.எஃப்.ஒய். 2006 என்ற இன்ஜுரி ரிப்போர்ட், கோர்ட் ஆஃப் என்கொயரி நடந்திருந்தால் அதன் முடிவு, போஸ்டிங் காட்டும் பார்ட் டூ ஆர்டர் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ‘என் ஆவணங்கள் அனைத்தும்’ என்று கேட்டால் அனுப்ப வேண்டியவருக்கும் குழப்பம்.

பென்ஷன் இல்லாமல் வெளியேறியவர்களின் ஆவணங்களை 25 ஆண்டுக்குப் பிறகு அழித்துவிடுவார்கள். பென்ஷன் மறுக்கப்பட்டவரும் அந்தக் கணக்கில்தான் வருகிறார் என்பது எனக்குத் தீராத வருத்தம். யாருக்குக் காகிதம் மிகவும் தேவையோ அவருடைய காகிதம்தான் முதலில் போகிறது. 2008-ஆம் ஆண்டு விதிகளோ, வெளியே வந்து 15 ஆண்டு கழித்துக் கேட்டால் நிரூபிக்கும் பொறுப்பு கேட்பவர் மேல் என்கின்றன. அதனால்தான் ‘பொண்ணு கல்யாணம் முடியட்டும் சார், பொறுமையா பாத்துக்கலாம்’ என்கிறவர்களிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிடுவேன்.

இதய நோய் வழக்குகளுக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. மருத்துவ அதிகாரிகளுக்கான வழிகாட்டி நூலில், மாரடைப்பு வருவதற்கு முந்தைய 14 நாளில் அவர் என்ன வேலை செய்தார் என்று யூனிட்டிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறது. எங்கள் பேச்சில் ‘பதினாலு நாள் சார்ட்டர்’. சமவெளி ஸ்டேஷனில் டிரைவராக இருந்த ஒருவருக்கு மாரடைப்பு. அவருடைய சார்ட்டரில் யூனிட் எழுதி அனுப்பியது ‘வழக்கமான பணி’ என்று மட்டும். பீஸ் ஸ்டேஷன், வழக்கமான பணி, எனவே தொடர்பில்லை என்று போர்டு முடித்துவிட்டது. “அந்த வாரம் போன்ல பேசும்போது மூணு ராத்திரியா தூக்கமில்ல, எக்சர்சைஸ் வண்டின்னு சொன்னாரு” என்றார் அவர் மனைவி. வண்டி ஓடியிருந்தால் கார் டயரி இருக்கும். வண்டி எண்ணைப் போட்டு, அந்த இரண்டு வாரத்துக் கார் டயரியும் டியூட்டி ரோஸ்டரும் கேட்டு எழுதினோம். இரவு பதினொரு மணிக்குக் கிளம்பி விடியற்காலை வந்து, திரும்பக் காலையில் ரேஷன் வண்டி எடுத்த கணக்கெல்லாம் கிலோமீட்டரோடு அதில் இருந்தது. டிரைவரே அதை மறந்திருந்தார். பணியால் முற்றியது என்று அப்பீலில் மாற்றினார்கள்.

எனக்கு அதிக நேரம் எடுப்பவை, மனதையும் அதிகம் வருத்துபவை, மனநோய் வழக்குகள். கை போனவரை ஊர் மதிக்கிறது. மனம் கலங்கி வந்தவரை ‘பட்டாளத்துல இருந்து துரத்திட்டாங்க’ என்று பேசுகிறது. குடும்பம் அவரை மறைக்கிறது; டிஸ்சார்ஜ் புக்கைப் பரண் மேல் போட்டுவிடுகிறது. இங்கே கதை சொல்ல அவர் இருந்தும் சொல்ல முடியாது. அண்ணன், தங்கை, அம்மா என்று ஒவ்வொருவரிடமும் துண்டு துண்டாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். சேரும் முன் எப்படி இருந்தார்? பள்ளிக்கூட சர்டிபிகேட் இருக்கிறதா? ஊர்க் கபடி அணியில் ஆடினாரா? எந்த லீவில் மாற்றம் தெரிந்தது? அதற்கு முன்னால் எங்கே போஸ்டிங்? கூட இருந்தவர் யாராவது இறந்தாரா? கடைசிக் கேள்விக்கு அம்மாக்கள் நெடுநேரம் கழித்துத்தான் பதில் சொல்வார்கள். அவசரப்படுத்தக் கூடாது. மனச்சிதைவு என்று 1977-இல் அனுப்பப்பட்ட வீர்பால் சிங்கின் வழக்கிலும் 2013-இல்தான் தீர்ப்பு வந்தது. போர்டின் கருத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் மறுபரிசோதனைக்கு உத்தரவிட்டது. ஒரு போர்டு எழுதிய வாக்கியத்தை இன்னொரு போர்டு திருத்தலாம் என்று தெரிந்தாலே பல குடும்பங்கள் நிமிர்ந்து உட்காருகின்றன.

சதவீதக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 100 சதவீதக் குறைபாட்டுக்கு டிசெபிலிட்டி எலிமென்ட் என்பது கடைசி ஊதியத்தில் 30 சதவீதம். கடைசி ஊதியம் 40,000 ரூபாய் என்றால் 12,000. 20 சதவீதக் குறைபாட்டுக்கு 2,400. ஆனால் 50-க்குக் குறைந்ததை 50 என்றும், 50 முதல் 75 வரையுள்ளதை 75 என்றும், அதற்கு மேல் 100 என்றும் உயர்த்திக் கொடுக்க வேண்டும். அப்போது அதே மனிதருக்கு 6,000. காலம் முடித்து வந்தவருக்கும் இது உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு சுக்விந்தர் சிங் வழக்கில், ஒருவரை நோயால் பணியிலிருந்து வெளியேற்றினாலே குறைபாடு 20 சதவீதத்துக்கு மேல் என்று கொள்ள வேண்டும் என்றது. இன்றைக்கும் உயர்த்தாத தொகையை வாங்கிக்கொண்டு, கொடுத்தது இவ்வளவுதான் என்று இருப்பவர்கள் உண்டு. ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ.வைக் கையில் எடுத்து, சதவீதம் எழுதிய அந்த ஒரு கட்டத்தைப் பார்த்தால் போதும், தெரிந்துவிடும்.

முடியாது என்று சொல்வதும் என் பொறுப்பே. வருடாந்தர லீவில் சொந்த வேலையாக ஸ்கூட்டரில் போய் விழுந்தவருக்குப் பணியோடு தொடர்பு காட்ட முடியாது. 2011-இல் ஜுஜார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்த்தது. லீவுக்காக யூனிட்டிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் நடந்த விபத்து வேறு. பயணம் பணியாகக் கணக்கிடப்படும். இந்த வித்தியாசத்தை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நடக்காததை எழுதச் சொல்லி யாராவது கேட்டால், பேனாவை மூடிவிடுவேன். ஒரு பொய் மனு பிடிபட்டால் அடுத்து வரும் பத்து உண்மை மனுவை அதே கண்ணோடு பார்ப்பார்கள்.

அரியரில் இத்தனை சதவீதம் தந்தால் முடித்துத் தருகிறேன் என்று சொல்லும் இடைத்தரகர்கள் பெருகிவிட்டார்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுக் காகிதம், ஏ.டி.எம். கார்டு வரைக்கும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். 1871-ஆம் ஆண்டு பென்ஷன் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, இன்னும் கைக்கு வராத ஓய்வூதியத்தை முன்கூட்டியே பிறருக்கு எழுதிக் கொடுப்பது செல்லாது. இதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

தள்ளுபடி கடிதம் வந்தவுடன் பலர் அதை மடித்து வைத்துவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல், அதுவும் போனால் இரண்டாவது அப்பீல், அதற்கும் பிறகு 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம். சென்னையிலேயே அதன் அமர்வு இருக்கிறது. பென்ஷன் மறுப்பு மாதா மாதம் தொடரும் தவறு, அதனால் தாமதமாக வந்தாலும் கேட்கலாம் என்று 2008-இல் தர்செம் சிங் வழக்கில் தீர்ப்பானது உண்மைதான். ஆனால் அதே தீர்ப்பு நிலுவைத் தொகையை வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டோடு நிறுத்திவிட்டது. 1983-இல் வெளியே வந்தவர் தர்செம் சிங். 1999-இல்தான் நீதிமன்றம் போனார். இடைப்பட்ட வருஷங்களின் பணம் போனது போனதுதான்.

2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்திருக்கின்றன. அதற்குப் பிறகு வெளியே வருபவர்களை நான் பழைய தீர்ப்புகளை மட்டும் நம்பி அனுப்புவதில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை போன்றவற்றில் அவர் எந்த உயரத்தில், எந்த ஃபீல்டு ஏரியாவில், எந்த மாதங்களில் இருந்தார் என்பதை முன்னைவிட நுணுக்கமாகக் கோத்துக் காட்ட வேண்டியிருக்கிறது. புதிய விதிகள் இறுக்கமானவை என்பது என் கருத்து. பனியில் நின்றவர்களுக்கு அந்த இறுக்கம் தேவையில்லை.

விதவைகளைப் பற்றி ஒன்று. டிசெபிலிட்டி பென்ஷன் வாங்கியவர் அதே நோயால் இறந்தால், மனைவிக்குச் சாதாரணக் குடும்ப ஓய்வூதியமான 30 சதவீதத்துக்குப் பதில், 60 சதவீதத்தில் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் கேட்க இடமுண்டு. ஆஸ்பத்திரி கொடுக்கும் இறப்புக் காரணச் சான்றில் அந்த நோயின் பெயர் இருக்கிறதா என்பதில்தான் அது தொங்குகிறது. துக்க வீட்டில் இதைக் கேட்க யாருக்கும் வாய் வராது. நான் கேட்டுவிடுகிறேன்.

இதைப் படிப்பவர் வீட்டில் யாராவது இப்போது பணியில் இருந்தால், அவரிடம் இதைச் சொல்லுங்கள். அடிபட்டால் எம்.ஐ. ரூமில் பதியச் சொல்லுங்கள். இன்ஜுரி ரிப்போர்ட் நகலை வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ரிலீஸ் போர்டில் உட்காரும் நாளில் ஊருக்குப் போகிற ரயிலை நினைக்காமல், வலிப்பதை எல்லாம் ஒன்று விடாமல் டாக்டரிடம் சொல்லிவிட்டு, போர்டு பேப்பரைப் படித்த பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் பென்ஷன் இல்லாமல் வீடு திரும்பிய பழைய சிப்பாய் இருந்தால், அவருடைய டிஸ்சார்ஜ் புக்கோடு அவரை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு இந்த மாதமே அழைத்து வாருங்கள். அங்கே மனு எழுதக் கட்டணம் கிடையாது.